சீனம் பேசுவோருக்கு உடல்நலக் கேள்விப் படிவம்: சீனம் தெரியாமலே இந்த வேலையை நடத்துவது எப்படி?

சிங்கப்பூரில் மருத்துவ ஆய்வு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தால், இந்த வேலை சீக்கிரமே உங்கள் மேசைக்கு வந்துவிடும். "இந்த ஆங்கிலப் படிவத்துக்கு ஒரு சீனப் பதிப்பு வேண்டும், ஏற்பாடு செய்யுங்கள்." ஊரில் ஆட்சி மொழிகளே நான்கு என்பதால் தமிழ்ப் பதிப்பும் மலாய்ப் பதிப்பும் கூடவே வரும். தமிழ்ப் பதிப்பில் எங்கே சொதப்புகிறது என்று நமக்கே தெரிந்துவிடும். சீனத்தில்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும்.

பயப்பட வேண்டாம். மொழிபெயர்க்கப் போவது வேறு ஆட்கள். யாரிடம் எதைக் கேட்பது, எந்த இடத்தில் "கொஞ்சம் நில்லுங்கள்" என்பது, இவைதான் உங்கள் பொறுப்பு. அதற்குச் சீன எழுத்து தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஒருவரும் சீனத்தில் ஒருவரும் ஒரே உடல்நிலையோடு வந்து உட்கார்ந்தால், இருவருக்கும் ஒரே மதிப்பெண் வர வேண்டும். வாக்கியம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: எந்தச் சீனம்?

"சீனத்தில் வேண்டும்" என்று வரும் மின்னஞ்சலுக்கு உடனே இரண்டு கேள்விகளைத் திருப்பி அனுப்புங்கள். எந்த ஊர் மக்கள்? அவர்களே படித்து நிரப்புவார்களா, நாம் வாசித்துக் காட்டப் போகிறோமா?

எழுத்து இரண்டு வகை. சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எளிதாக்கிய எழுத்து. தைவான், ஹாங்காங், மக்காவில் பழைய மரபு எழுத்து. ஒன்றை மற்றொன்றாக மாற்ற மென்பொருள் இருக்கிறது, ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். அதை நம்பி அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். எளிதாக்கிய எழுத்தில் "காய்ச்சல்" என்ற சொல்லிலும் "தலைமுடி" என்ற சொல்லிலும் ஒரே எழுத்து வரும். மரபு எழுத்தில் அவை இரண்டும் வெவ்வேறு. மென்பொருள் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் காய்ச்சலுக்குள் முடி வந்து உட்கார்ந்துவிடும்.

எழுத்தை மாற்றினாலும் சொல் மாறாது. மனச்சோர்வு நோய்க்குப் பெருநிலத்தில் ஒரு சொல், தைவானில் வேறு சொல். டாக்சிக்கே ஊருக்கு ஒரு பெயர் உண்டு. சென்னைக்கு எழுதிய படிவத்தை யாழ்ப்பாணத்தில் கொடுத்தால் எப்படியோ அப்படித்தான். புரியும், ஆனால் வெளியூர்க்காரர் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பேச்சு இன்னும் சிக்கல். ஹாங்காங்கில் எழுதுவது பொதுச் சீனம், பேசுவது கேன்டனீஸ். எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். அதனால் கேள்வி கேட்கும் பணியாளர் அந்த இடத்திலேயே பேச்சுக்கு மாற்றிச் சொல்வார், ஆளுக்கு ஒரு மாதிரி. பத்துப் பேர் கேட்டால் பத்துப் படிவம். வாசித்துக் காட்டும் ஆய்வு என்றால் பேச்சுவழக்கில் தனியாக ஒரு வாசகம் எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். சிங்கப்பூரிலும் இதே கதைதான். மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது 1979-இல். அதற்கு முன் வளர்ந்த முதியவர்களில் பலருக்கு ஹொக்கியனோ தியோச்சியூவோ கேன்டனீஸோதான் வீட்டு மொழி. "இனம்: சீனர்" என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு மாண்டரின் படிவத்தை நீட்டாதீர்கள். "வீட்டில் என்ன பேசுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருக்கிறதா?

புகழ்பெற்ற படிவங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சீனப் பதிப்பு உண்டு. சிலவற்றுக்கு நான்கைந்து கூட. மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 இலவசம், தனி அனுமதி வேண்டாம். வாழ்க்கைத்தரத்தை அளக்கும் இக்யூ-5டி வேண்டுமென்றால் யூரோகோல் அமைப்பில் பதிந்து, அவர்கள் தரும் பதிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். நீங்களாக மொழிபெயர்க்கக் கூடாது. நினைவாற்றலைச் சோதிக்கும் எம்எம்எஸ்இ-க்கு உரிமைக் கட்டணம் உண்டு. முதலில் உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

கிடைத்த பதிப்பு எந்த ஊரில், எந்த வயதினரிடம் சோதிக்கப்பட்டது என்று பாருங்கள். பெய்ஜிங் கல்லூரி மாணவர்களிடம் சோதித்ததை வைத்துச் சிங்கப்பூர்த் தோ பாயோ பேட்டைப் பாட்டிகளை அளக்க முடியாது.

மூன்றாம் படி: வரிக்கு வரி குறிப்பு

புதியவர்கள் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கேள்விக்கும் "இது எதை அறியக் கேட்கப்படுகிறது" என்று ஒரு வரி எழுதுங்கள். பொதுவான உடல்நலத்தை அளக்கும் எஸ்எஃப்-36 படிவத்தில் மிதமான உடலுழைப்புக்கு உதாரணமாக மேசையை நகர்த்துவது, வாக்குவம் கிளீனர் தள்ளுவது, பௌலிங், கோல்ஃப் என்று வரும். கோல்ஃப் என்ற சொல் சீனத்தில் இருக்கிறது, மொழிபெயர்ப்பதில் கஷ்டமே இல்லை. ஆனால் கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர் என்ன பதில் சொல்வார்? "மூச்சு வாங்காத அளவு மிதமான உழைப்பு" என்று குறிப்பு இருந்தால், மொழிபெயர்ப்பாளரே தாய் சீ (மெதுவாகச் செய்யும் சீன உடற்பயிற்சி) என்று போடலாமா என்று கேட்பார். சீனப் பதிப்புகளில் அப்படித்தான் அது வந்து சேர்ந்தது. அதே படிவத்தில் தூரத்தைச் சொல்லும் மைலையும் "பிளாக்" என்ற தெருக் கணக்கையும் மீட்டராக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல் இருக்கிறது, பத்தே கேள்விகள். அதில் ஒன்று ஆங்கில மரபுத்தொடர்: காரியங்கள் என் மேலே ஏறி உட்கார்கின்றன என்ற மாதிரி. "எதையும் சமாளிக்க முடியவில்லை என்ற உணர்வு" என்று குறிப்பு எழுதிவிட்டால் அந்தக் கேள்வி பிழைத்தது. இதே ஆய்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். சீனக் குடும்பங்களில் குழந்தை பிறந்ததும் தாய்க்கு ஒரு மாதம் ஓய்வு. வெளியே போகக் கூடாது, குளிர்ந்த நீரில் கை வைக்கக் கூடாது, சாப்பாடும் தனி. நம்மூர்ப் பிரசவப் பத்தியம் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம். அந்த மாதத்தில் போய் "வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். அது நோயின் அறிகுறி ஆகாது.

எண்ணும் அளவும்: அதிகம் தவறுகிற இடம்

இதற்கு ஒரு நாளை முழுசாக ஒதுக்குங்கள்.

வயது. பழைய சீனக் கணக்கில் பிறந்ததும் ஒரு வயது, ஒவ்வொரு சந்திரப் புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். புத்தாண்டுக்கு முந்தைய வாரம் பிறந்த குழந்தைக்கு அடுத்த வாரமே இரண்டு வயது. முதியவர்கள் இன்றும் இப்படிச் சொல்வதுண்டு. ஆய்வுக்கு வயது வரம்பு 65 என்றால் இது வம்பாகிவிடும். வயதைக் கேட்காமல் அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதியைக் கேளுங்கள். பிறந்த நாளையே சந்திர நாட்காட்டிப்படி சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

எடை. "ஐந்து கேட்டி அரிசிப் பையைத் தூக்க முடியுமா?" பெருநிலத்தில் ஒரு கேட்டி 500 கிராம், தைவானில் 600, ஹாங்காங்கில் 605-ஐ ஒட்டி. ஐந்து கேட்டிக்கு அரைக் கிலோ வித்தியாசம் வந்துவிடும். கிலோவில் எழுதுங்கள், அந்த ஊர் அளவைப் பக்கத்தில் போடுங்கள்.

மாடி. ஹாங்காங்கில் முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது. பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் தரைத்தளமே ஒன்று. "இரண்டாம் மாடி வரை ஏற முடியுமா" என்று கேட்டால் ஓர் ஊருக்கு ஒரு படிக்கட்டு, இன்னோர் ஊருக்கு இரண்டு. எத்தனை படிக்கட்டு வரிசை என்று கேட்டுவிட்டால் தொல்லை இல்லை.

மது. குடிப்பழக்கத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் படிவத்தில் ஒரு "பானம்" என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். பீர் குடிப்பவருக்குக் கணக்கு சுலபம். பைஜியு என்ற சீனச் சாராயம் குடிப்பவர் "லியாங்" கணக்கில் சொல்வார். ஒரு லியாங் ஏறத்தாழ 50 மில்லி. 52 சதவீதப் பைஜியு என்றால் அதில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். ஆக, சாப்பாட்டோடு ஒரு லியாங் குடித்தவர் இரண்டு பானம் குடித்திருக்கிறார். "ஒரே அமர்வில் ஆறு பானமோ அதற்கு மேலோ" என்ற கேள்விக்கு மூன்று லியாங்கே போதும். இந்தக் கணக்கு படிவத்தில் இல்லையென்றால் "சின்னக் கோப்பையில் ஒன்றிரண்டு" என்றுதான் பதில் வரும். கோப்பைப் படம் போட்டுக் கேட்பது உத்தமம்.

காலம். "கடந்த வாரம்" என்ற கேள்வியைச் சீனத்தில் ஒரு மாதிரி எழுதினால் இன்றிலிருந்து பின்னோக்கி ஏழு நாள், இன்னொரு மாதிரி எழுதினால் போன திங்கள் முதல் ஞாயிறு வரை. "இன்று உட்பட கடந்த 7 நாட்களில்" என்று எண் போட்டே எழுதச் சொல்லுங்கள். அப்புறம், சந்திரப் புத்தாண்டை ஒட்டிக் களப்பணி வைக்காதீர்கள். அந்த இரண்டு வாரத் தூக்கமும் சாப்பாடும் ஆண்டின் மற்ற நாட்களைக் காட்டாது. போதாக்குறைக்கு, விருந்து வீட்டில் போய்ச் சாவைப் பற்றிக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள்.

உறவு. "உங்கள் மாமாவுக்கு நீரிழிவு உண்டா?" என்று ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடும். சீனத்தில் அப்பாவின் அண்ணனுக்கு, தம்பிக்கு, அம்மாவின் சகோதரனுக்கு என்று தனித்தனிப் பெயர்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று வளர்ந்த நமக்கு இது உடனே புரியும், ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆய்வுத் தலைவருக்குப் புரியவைப்பதுதான் பாடு. பொதுச் சொல் ஒன்றைத் தேடி அலையாமல் எல்லாவற்றையும் பட்டியலாகப் போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: இருவர் மொழிபெயர்க்க, ஒருவர் திருப்ப

2000-இல் வெளிவந்த பீட்டன் என்ற ஆய்வாளர் குழுவின் வழிமுறையும், 2005-இல் ஐஸ்போர் என்ற மருத்துவப் பொருளாதார ஆய்வாளர் அமைப்பு வெளியிட்ட பத்துப் படிகளும் இந்தத் துறையில் எல்லோரும் பின்பற்றுபவை. சாரம் இதுதான். சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமல், தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்கட்டும், மற்றவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். மூன்றாமவர் இரண்டையும் வைத்து ஒன்றாக்குவார். அதை மூல ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவராவது மீண்டும் ஆங்கிலமாக்குவார். கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சீனம் தெரியாத உங்களுக்குக் கையில் கிடைக்கும் ஒரே சான்று அந்தத் திருப்பிய ஆங்கிலம். அதில் ஒரு பொறி இருக்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றிய மோசமான சீனம், திரும்பி வரும்போது மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும். நல்ல சீனம் கொஞ்சம் விலகித்தான் வரும். அதனால் நூற்றுக்கு நூறு பொருந்தி வந்தால் சந்தேகப்படுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் "இதை உங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டினால் சிரிப்பாரா?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் உண்மை அங்கேதான் வெளிவரும்.

சில கேள்விகளை மொழிபெயர்க்கவே முடியாது, வேறு கேள்விதான் போட வேண்டும். 1975-இல் வந்த எம்எம்எஸ்இ-யில் ஓர் ஆங்கிலச் சொற்றொடரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதைச் சீனமாக்கினால் நா புரள ஒன்றும் இருக்காது. சீனப் பதிப்புகளில் அதற்குப் பதிலாக "நாற்பத்து நான்கு கல் சிங்கங்கள்" என்ற நாப்பிறழ் தொடரைப் போட்டார்கள். முழுக்க ஸ-வும் ஷ-வும். நல்ல மாற்று. ஆனால் தெற்கத்திச் சீனர் பலருக்குப் பேச்சில் ஸ-வும் ஷ-வும் ஒன்றுதான். உச்சரிப்புக்காக மதிப்பெண்ணைக் குறைத்தால் மறதி இல்லாதவருக்கு மறதி வந்துவிடும். மதிப்பெண் போடும் விதியையும் சேர்த்து எழுதுங்கள். படிப்பும் இதில் பெரிய பங்கு வகிக்கும். சீனாவில் பள்ளிக்கே போகாதவருக்கு 17, தொடக்கப் பள்ளி வரை படித்தவருக்கு 20, அதற்கு மேல் 24 என்று, மறதி நோயைச் சந்தேகிக்கும் மதிப்பெண் எல்லைகளை வேறுவேறாக வைத்தது அதனால்தான்.

சேர்க்க வேண்டியதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரப் படிவத்தின் சுருக்கப் பதிப்பில் 26 கேள்விகள். தைவான் பதிப்பில் 28. கூடுதலாக வந்த இரண்டும் என்ன தெரியுமா? மற்றவர்கள் உங்களை மதிக்கிறார்களா, நீங்கள் விரும்பிய உணவு கிடைக்கிறதா. நம்மூருக்கும் இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

ஐந்தாம் படி: பதில் கட்டங்கள்

கேள்வியைச் செதுக்கிவிட்டுப் பதிலை மறந்துவிடுவார்கள். "சில நேரம்", "அடிக்கடி", "பெரும்பாலும்" என்ற வரிசை எல்லா மொழியிலும் ஒரே இடைவெளியில் நிற்பதில்லை. பதில் சொற்களைச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு, அந்த ஊர்க்காரர் சிலரிடம் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு சீட்டு இடம் மாறினால் சொல்லை மாற்ற வேண்டும். கிழக்காசியர்கள் ஓரத்துக் கட்டங்களைத் தவிர்த்து நடுவே குறியிடும் பழக்கமும் ஆய்வுகளில் பலமுறை கண்டது.

நல்லதைப் பற்றிய கேள்விகளில் இன்னும் கவனம் தேவை. 1977-இல் வந்த சிஇஎஸ்-டி மனச்சோர்வுப் படிவத்தில் 20 கேள்விகள், அதில் நான்கு நேர்மறை: "மற்றவர்களுக்குச் சமமாக நானும் நன்றாக இருப்பதாக உணர்ந்தேன்", "எதிர்காலத்தில் நம்பிக்கை இருந்தது" போன்றவை. இவற்றுக்கு மதிப்பெண் தலைகீழ். தன்னைத் தானே புகழாமல் வளர்ந்தவர் அடக்கமாக "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று குறியிட்டால் கேள்விக்கு மூன்று, நான்குக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. மனச்சோர்வு இருக்கலாம் என்று சொல்லும் எல்லையே 16-தான்! அடக்கம் மட்டுமே ஒருவரை முக்கால் நோயாளி ஆக்கிவிடும். இப்படிப்பட்ட கேள்விகளின் மதிப்பெண்ணைத் தனியாகவும் கூட்டிப் பாருங்கள்.

ஆறாம் படி: ஆட்களோடு உட்காருங்கள்

ஐஸ்போர் ஐந்து முதல் எட்டுப் பேர் போதும் என்கிறது, பீட்டன் குழு 30 முதல் 40 பேர் என்கிறது. எனக்குக் குறைந்த ஆட்களிடம் நிதானமாகப் பேசுவதுதான் பிடிக்கும். பணம் இருந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்கவே கூடாது. மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குறியிட்ட பிறகு "ஏன் இந்தக் கட்டம்?" என்று கேளுங்கள். பேசுகிறவர் அந்த மொழிக்காரராக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தயங்குகிறார், எங்கே மகள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மொழி தேவையில்லை. மகளோ மகனோ கூட வந்து "அப்பாவுக்கு அதெல்லாம் இல்லை" என்று பதில் சொல்ல ஆரம்பித்தால் டீ வாங்கித் தரும் சாக்கில் வெளியே அழைத்துப் போவது உங்கள் வேலை.

மனநிலைக் கேள்விகளில் உடம்பு முன்னால் வந்து நிற்கும். மனம் சரியில்லை என்பதைவிடத் தலைவலி, நெஞ்சடைப்பு, தூக்கமின்மை என்று சொல்வார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் க்ளெய்ன்மன் சீனாவின் சாங்ஷா நகரில் நரம்புத் தளர்ச்சி என்று கண்டறியப்பட்ட 100 பேரைப் பார்த்தபோது, அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு நோய்க்குரிய அளவுகள் பொருந்தின. (நம்மூர்ச் சுவர் விளம்பரங்களில் வரும் நரம்புத் தளர்ச்சியை இங்கே நினைக்காதீர்கள், அது வேறு வியாபாரம்.) உடல் அறிகுறிக் கேள்விகளை முன்னாலும் மனதைத் தொடுபவற்றைப் பின்னாலும் வைத்தால் பேச்சு ஓடும். ஆனால் உரிமையுள்ள படிவத்தின் கேள்வி வரிசையை நீங்களாக மாற்ற முடியாது. அதன் முன்னால் வேறு கேள்விகளைத்தான் சேர்க்க முடியும்.

புற்றுநோய் ஆய்வு என்றால் படிவத்தின் முகப்பைப் பாருங்கள். நோயாளிக்கே நோயின் பெயரைச் சொல்லாமல் மறைக்கும் குடும்பங்கள் சீனர்களிடம் உண்டு, நம்மிடமும் உண்டு. படிவத்தின் தலைப்பில் அந்தச் சொல் பெரிதாக இருந்தால், மாதக்கணக்கில் மறைத்ததை உங்கள் தாள் உடைத்துவிடும். யாருக்கு எது தெரியும் என்று செவிலியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஎச்கியூ-9-இன் கடைசிக் கேள்வி சாவையும் தன்னைத் தானே காயப்படுத்துவதையும் பற்றியது. சங்கடமாக இருக்கிறது என்று அதை மழுப்பி மொழிபெயர்க்க விடாதீர்கள். அதில் "சில நாட்கள்" என்று குறி விழுந்தாலும் அன்றே யாரிடம் சொல்வது, சீனம் பேசும் எந்த ஆலோசகர் அன்று பணியில் இருப்பார் என்பதை எழுதி வைத்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும். நெறிமுறைக் குழு கேட்கும் முன் நீங்களே செய்துவிடுங்கள்.

கடைசிப் படிகள்

புள்ளியியல் சோதனையை அதற்குரியவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஆட்களைத் திரட்டித் தர வேண்டும். எந்தெந்தக் கேள்விகள் சேர்ந்து ஒன்றையே அளக்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்குக் கேள்விக்கு ஏழு பேர் வீதம், எப்படியும் 100-க்குக் குறையாமல் என்பது, படிவங்களின் தரத்தை மதிப்பிட உதவும் காஸ்மின் வழிகாட்டி சொல்லும் கணக்கு. 20 கேள்வி என்றால் 140 பேர். சிலரிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டியிருக்கும், அதனால் தொலைபேசி எண்ணை அப்போதே வாங்குங்கள்.

கணினியில் ஏற்றும்போது எழுத்துருவைச் சீனத்துக்கு உரியதாகக் குறிப்பிட்டு அமையுங்கள். யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் பல எழுத்துகள் ஒரே எண்ணில் இருப்பதால், சொல்லாமல் விட்டால் சில கணினிகளில் ஜப்பானிய வடிவம் வந்து நிற்கும். சாய்வெழுத்து வேண்டாம், சீனத்தில் பார்க்கச் சகிக்காது. தடித்த எழுத்து போதும். அச்சுக்குப் போகும் முன் சீனம் படிக்கத் தெரிந்த, இந்த வேலையில் இதுவரை தலையிடாத ஒருவரிடம் காகிதத்தில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கோப்பின் பெயரில் ஊர், எழுத்து வகை, பதிப்பு எண், தேதி நான்கும் இருக்கட்டும். வெறுமனே "சீனம் இறுதி" என்று பெயர் வைத்தால், அடுத்த மாதமே "சீனம் இறுதி புதியது" என்று இன்னொன்று பக்கத்தில் வந்து உட்காரும். எந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்ற குறிப்பையும் அதே உறையில் போடுங்கள். உங்களுக்கு அடுத்து வருபவருக்கும் அநேகமாகச் சீனம் தெரியாது.